டாப்-அப் கடனில் ஓடும் பழைய சிட்டி

கேள்வி: எனக்கு 34 வயது. சொந்த ஊர் வாணியம்பாடி. பெங்களூரு கே.ஆர்.புரத்தில் வாடகை வீடு, ஒயிட்ஃபீல்டில் மென்பொருள் வேலை. பிடித்தம் போக 1,15,000 ரூபாய் கைக்கு வருகிறது. மனைவி, யூகேஜி படிக்கும் மகள். டிராக்கில் கார் ஓட்டிப் பழக வேண்டும் என்பது கல்லூரிக் காலத்து ஆசை. 2022 மார்ச்சில் 4 லட்சம் பர்சனல் லோன் எடுத்து, 2002 மாடல் ஹோண்டா சிட்டி விடெக் ஒன்றை வாங்கி, சஸ்பென்ஷனை மாற்றினேன். 2023 மே மாதம் அதே கடனின் மேல் கூடுதலாக 1.5 லட்சம் டாப்-அப் வாங்கி அலாய் வீல், டயர், எக்ஸாஸ்ட் போட்டேன். 2024 ஆகஸ்டில் இன்னொரு 2.5 லட்சம் டாப்-அப். இன்ஜினை இறக்கி வேலை பார்த்தோம்.

இதுவரை சென்னை அருகே இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் மூன்று நாள், கோவை கரி ஸ்பீட்வேயில் இரண்டு நாள் ஓட்டியிருக்கிறேன். நாளுக்கு 15 நிமிடம் வீதம் நான்கு முறை. நுழைவுக் கட்டணம் சுமார் 12,000. கடைசியாகப் போனபோது மூன்றாவது முறையில் பிரேக் மிதி மெத்தென்று உள்ளே போய், கார் தடத்தை விட்டுப் புல்லில் இறங்கிவிட்டது. அடி எதுவும் இல்லை. கராஜ் வைத்திருக்கும் என் மனைவியின் தம்பி, "பவர் ஏத்துற டர்போ கிட், பெரிய பிரேக் ரெண்டும் போட்டாத்தான் மாமா இது டிராக்குக்கு ஆகும். லேபர் வேண்டாம், பார்ட்ஸுக்கு 3.2 லட்சம் மட்டும் குடுங்க" என்கிறான். மகளுக்காகச் சேர்த்த ஈக்விட்டி மியூச்சுவல் ஃபண்ட் 7 லட்சம் இருக்கிறது. அதை அடகு வைத்தால் 10.5% வட்டியில் ஓவர்டிராஃப்ட் தருவதாக ஒரு ஆப்பில் வருகிறது. மாதம் 2,800 ரூபாய் வட்டி மட்டும் கட்டினால் போதுமாம். எடுக்கலாமா? இரண்டாவது டாப்-அப் எடுத்தது மனைவிக்குத் தெரியாது. இரவில் தூக்கம் வரவில்லை.

பதில்: எடுக்க வேண்டாம். காரை விற்கவும் வேண்டாம். டிராக்கில் ஓட்டும் ஆசையில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. பொதுச் சாலையில் வேகம் காட்டாமல் கட்டணம் கட்டி, ஹெல்மெட் போட்டு, அதற்கென்று இருக்கும் இடத்தில் ஓட்டுகிறீர்கள். செலவைக் குறைப்பது எப்படி, சேமிப்பது எப்படி என்றெல்லாம் உங்களுக்குப் பாடம் நடத்தப் போவதில்லை. மாதாமாதம் ஃபண்டில் எஸ்ஐபி போட்டு 7 லட்சம் சேர்த்தவருக்கு அது தெரியும். உங்களைக் கெடுப்பது ஒரே ஒரு பழக்கம்: வங்கி டாப்-அப் காட்டும்போதெல்லாம் காருக்கு ஒரு பார்ட் வாங்குவது.

நீங்கள் அனுப்பிய கடன் விவரத்தை வைத்துத் தோராயமாகக் கணக்குப் போட்டேன். முதல் கடன் 4 லட்சம், 14%, நான்கு வருடம். தவணை சுமார் 10,930. பதினான்கு தவணை கட்டியதும் பாக்கி 3.05 லட்சம். அதோடு 1.5 லட்சம் டாப்-அப், கட்டணம் எல்லாம் சேர்த்து 4.6 லட்சம் புதுக் கடன், 14.5%, இந்த முறை ஐந்து வருடம். தவணை 10,820. இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். ஒன்றரை லட்சம் கையில் வந்தது, தவணையோ 110 ரூபாய் குறைந்தது. சும்மா கிடைத்த பணம் போலத்தான் அன்றைக்குத் தோன்றியிருக்கும். நடந்தது என்னவென்றால், அடைத்துக்கொண்டு வந்த பழைய பாக்கியும் ஐந்து வருடத்துக்குத் தள்ளிப்போனது. அடுத்த பதினைந்து தவணை கழித்துப் பாக்கி 3.74 லட்சம். மறுபடி 2.5 லட்சம், கட்டணம், 15%, மறுபடி ஐந்து வருடம்: 6.4 லட்சம் கடன், தவணை 15,225.

கடந்த டிசம்பர் வரை 45 தவணைகளில் நீங்கள் கட்டியது கிட்டத்தட்ட 5.59 லட்சம். கையில் வாங்கியது 8 லட்சம். இன்னும் பாக்கி 5.13 லட்சம். அதாவது கட்டிய 5.59 லட்சத்தில் 2.72 லட்சம் வட்டிக்கும் கட்டணத்துக்கும் போய்விட்டது. முதல் கடனை மட்டும் தொடாமல் விட்டிருந்தால் இந்த மார்ச்சோடு அது முடிந்திருக்கும். இப்போது 2029 ஆகஸ்ட் வரை ஓடும். தூக்கம் வராததற்குக் காரணம் இதுதான். டர்போ போடலாமா என்ற கேள்வி அதற்குப் பிறகு வருவது.

இன்னொரு கணக்கும் போடுங்கள். ஐந்து நாள், நாளுக்கு நான்கு முறை, 15 நிமிடம். மொத்தம் ஐந்து மணி நேரம். காருக்குப் போட்ட 8 லட்சத்தை வகுத்தால், டிராக்கில் ஒரு மணி நேரத்துக்கு 1,60,000 ரூபாய், வட்டி சேர்க்காமல். நீங்கள் ஆசைப்பட்டது ஓட்டிப் பழகுவதற்கு. பணம் போனது பார்ட்ஸுக்கு.

என் கல்லூரி நண்பர் ஒருவர் சென்னையில் பல வருடம் பழைய மாருதி எஸ்டீம் கார் ஓட்டியவர். அவரோடு இருங்காட்டுக்கோட்டையில் ஒரு நாள் முழுக்க, கார்களை நிறுத்திச் சரிபார்க்கும் பிட் பக்கம் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். 3.7 கிலோமீட்டர் தடம். புதிதாக வருபவர்கள் காலையில் ஓட்டிய நேரத்தை விட மாலையில் பல நொடிகள் குறைத்துவிடுகிறார்கள், காரில் ஒரு நட்டைக்கூட மாற்றாமல். எங்கே பிரேக் பிடிப்பது, திருப்பத்தில் கண் எங்கே பார்ப்பது, ஸ்டியரிங்கை எவ்வளவு மெதுவாக விடுவது என்பதெல்லாம் சுற்றுச் சுற்றாகத்தான் வரும். நரேன் கார்த்திகேயனே மாருதி 800 காரின் 796 சிசி இன்ஜினை வைத்துக் கட்டிய பார்முலா மாருதியில்தான் ஸ்ரீபெரும்புதூரில் தொடங்கினார்; பார்முலா 1-க்கு 2005-ல் போனார். உங்கள் சிட்டிக்கு 1.5 லிட்டர் இன்ஜின், புதிதில் 106 குதிரைத்திறன். பழகுவதற்கு இது தாராளம். பழைய காரில் எலக்ட்ரானிக் உதவி குறைவு என்பதால், எடை முன்னால் போவதும் பின்னால் போவதும் உடம்பிலேயே தெரியும். தப்பு செய்தால் உடனே காட்டிக்கொடுக்கும்.

பிரேக் விஷயத்துக்கு வருகிறேன். மிதி மெத்தென்று போனது எனக்குப் பயமாக இருக்கிறது. உயிர் சம்பந்தப்பட்டது, அதனால் பணத்தைத் தாண்டியும் சொல்கிறேன். பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டாட் 3 தர ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு அந்த அளவு 140 டிகிரிக்கு இறங்கிவிடும். டாட் 4 என்றால் 230, 155. கொதித்தால் குழாயில் ஆவிக்குமிழ் நிற்கும். மிதித்தால் குமிழ்தான் அமுங்கும், பிரேக் பிடிக்காது. 8 லட்சம் செலவு செய்த பட்டியலில் பிரேக் ஆயில் மாற்றியதாக ஒரு வரியும் இல்லை. புது டாட் 4 ஆயில், வெப்பம் தாங்கும் பேட், ஹோஸ் எல்லாவற்றையும் ஒருமுறை சரிபார்ப்பது: பெரிய பிரேக் கிட் விலையில் இது ஒரு சிறு பகுதி. மிதி போனதற்கு வேறு காரணமும் இருக்கலாம், மாஸ்டர் சிலிண்டர் கசிவு மாதிரி. ஆகவே மைத்துனர் இல்லாத இன்னொரு மெக்கானிக்கிடமும் காட்டுங்கள். அது சரியாகாமல் அந்தக் காரைச் சாலையில்கூட எடுக்காதீர்கள்.

இந்த நிலையில் டர்போ போட்டால் என்ன ஆகும்? நேர்ச்சாலை முடிவில் 140 கிலோமீட்டர் வேகத்தில் வந்த கார் 165-ல் வரும் என்று வையுங்கள். பிரேக் விழுங்க வேண்டிய சூடு வேகத்தின் வர்க்கத்தில் ஏறும்: கிட்டத்தட்ட 40% அதிகம். அதற்கு ரேடியேட்டர், கிளட்ச், டயர் என்று ஒன்று மாற்றி ஒன்று கேட்கும். 3.2 லட்சத்தோடு நிற்காது. அடுத்த டாப்-அப் எங்கே இருந்து வரும் என்று உங்களுக்கே தெரியும்.

சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, கம்பெனி தந்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019-ல் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. உங்கள் கார் 2002-ல் பதிவானது. 15 வருடம் முடிந்து, ஐந்து ஐந்து வருடமாகப் புதுப்பித்து வருவதால், 2027-ல் மறுபடி ஆர்டிஓ முன்னால் நிறுத்தியாக வேண்டும். பானட்டைத் திறந்தால் டர்போ தெரியும். பிறகு அதைக் கழற்றிவிட்டுக் காட்டுவதற்கு ஒரு செலவு.

இன்சூரன்ஸ் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் சொல்லியாக வேண்டும். நம் ஊர் கார் பாலிசியின் பொது வாசகத்திலேயே ரேஸ், வேகச் சோதனை போன்ற பயன்பாடுகள் விலக்கப்பட்டிருக்கின்றன. டிராக்கில் நசுங்கினால் உங்கள் காசு. தெரிவிக்காத மாற்றங்கள் இருந்தால் சாலை விபத்திலும் க்ளெய்ம் சிக்கலாகும். ஹெல்த் பாலிசியில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ வகுத்த வாசகம், ஆபத்தான விளையாட்டில் தொழில்முறையாக ஈடுபடுவோருக்கான சிகிச்சையை விலக்குகிறது. நீங்கள் பொழுதுபோக்காக ஓட்டுபவர், என்றாலும் ஆபீஸ் குரூப் பாலிசியின் வாசகத்தை எடுத்துப் படியுங்கள். தனிநபர் விபத்துக் காப்பீட்டில் விலக்கு இன்னும் கடுமையாக இருக்கலாம். டெர்ம் பாலிசி எடுக்கும்போது இந்தப் பழக்கத்தைப் படிவத்தில் எழுதினீர்களா? கேள்வி கேட்கப்பட்டு மறைத்திருந்தால் இப்போதே கம்பெனிக்கு எழுதித் தெரிவியுங்கள். குழந்தை இருக்கிற வீடு.

அந்த ஓவர்டிராஃப்ட் இப்போது எல்லா ஆப்பிலும் கண்ணில் படுகிறது. "ஃபண்டை விற்க வேண்டாம், வட்டி மட்டும் கட்டுங்கள்" என்பதைக் கேட்க இதமாக இருக்கிறது. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. மாதம் 2,800 கட்டினால் அசல் ஒரு ரூபாய்கூடக் குறையாது; மூன்று வருடத்தில் ஒரு லட்சம் கட்டிவிட்டு அதே 3.2 லட்சம் கடனோடு நிற்பீர்கள். ஈக்விட்டி ஃபண்டுக்குப் பொதுவாக மதிப்பில் பாதி வரைதான் தருவார்கள். 2020 மார்ச்சில் பங்குச்சந்தைக் குறியீடான நிஃப்டி இரண்டு மாதத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் விழுந்தது. அப்படி விழுந்தால் உங்கள் 7 லட்சம் 4.6 லட்சம் ஆகும், பாதி 2.3 லட்சம். மீதி 90,000-ஐ உடனே கட்டச் சொல்வார்கள், இல்லையென்றால் அடிமட்ட விலையில் யூனிட்டை விற்றுவிடுவார்கள். மகளின் பணம்.

நான் சொல்வது இதற்கு நேர்மாறு. ஃபண்டில் 2 லட்சத்தை விற்று பர்சனல் லோனில் கட்டுங்கள். ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருந்த யூனிட் என்றால், ஒரு நிதியாண்டில் 1.25 லட்சம் லாபம் வரை வரி கிடையாது. நீங்கள் விற்கும் 2 லட்சத்தில் லாபம் ஒரு பகுதிதான். முன்கூட்டிக் கட்ட 3% கட்டணம் கேட்டாலும் ஜிஎஸ்டியோடு 7,100 ரூபாய்க்குள். அப்புறம் ஒன்று முக்கியம்: தவணையைக் குறைக்க வேண்டாம், காலத்தைக் குறையுங்கள் என்று எழுத்தில் கேளுங்கள். அதே 15,225 கட்டினால் மீதமுள்ள 44 மாதம் 24 ஆகச் சுருங்கும். மிச்சமாகும் வட்டி ஒரு லட்சத்துக்குக் கொஞ்சம் மேல். 2027 கடைசியில் கடன் முடியும். மகள் கல்லூரிக்குப் போக இன்னும் 13 வருடம் இருக்கிறது, எஸ்ஐபியை நிறுத்தாதீர்கள். ஆனால் இதைச் செய்துவிட்டு ஆறு மாதம் கழித்து இன்னொரு டாப்-அப் எடுப்பதாக இருந்தால் ஃபண்டைத் தொடவே வேண்டாம். வங்கிக் கிளைக்குப் போய், முன் ஒப்புதல் கடன் சலுகைகள் எனக்கு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

அதற்கு முன்னால் மனைவியிடம் சொல்லுங்கள். இந்த வாரமே, மேலே உள்ள எண்களைக் காட்டியே சொல்லுங்கள். இன்ஜினை இறக்கி வேலை பார்த்த அவருடைய தம்பிக்கு அந்தச் செலவு தெரியும், அவருக்குத் தெரியாது. வேறு வழியாக அவர் காதுக்கு எட்டினால் பணத்தை விடப் பெரிய கஷ்டம். மைத்துனரிடம் சண்டை வேண்டாம். அவர் ஆசையில்தான் சொல்கிறார், கராஜுக்கும் ஒரு டர்போ வண்டி காட்ட இருந்தால் நல்லது. ஆனால் லேபர் இலவசம் என்பதால் ஒவ்வொரு முறையும் பார்ட்ஸுக்குச் சம்மதித்திருக்கிறீர்கள். இனி ஆயில், பேட், பேரிங் மாதிரி தேய்மானச் செலவுக்கு மட்டும் அங்கே போங்கள், லேபரும் கொடுங்கள். காசு கொடுத்தால் வேண்டாம் என்று சொல்வது சுலபம்.

டிராக்குக்குத் தனியாக ஒரு ஆர்டி போடுங்கள், மாதம் 5,000. நுழைவு 12,000, போக வர 620 கிலோமீட்டருக்கும் தடத்துக்கும் சேர்த்து பெட்ரோல், சுங்கம் 8,500, பேட், டயர் தேய்மானம் 9,500. ஒரு பயணத்துக்கு 30,000 என்றால் வருடத்துக்கு இரண்டு பயணம். கடன் முடிந்ததும் நான்காக்கலாம். நடுவில் பெங்களூருவிலேயே கோ-கார்ட் ஓட்டுங்கள். கண்ணும் கையும் பழக அது போதும். இரண்டு பயணத்தில் ஒன்றில் பயிற்றுநரைப் பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டுங்கள், அந்தக் காசுக்காக அலாய் வீலை விற்க நேர்ந்தாலும் சரி.

அடுத்த பயணத்தை பிரேக் சரியான பிறகே வைத்துக்கொள்ளுங்கள். திரும்பும்போது வாணியம்பாடியில் அம்மா வீட்டில் தங்கிவிட்டு மறுநாள் காலை பெங்களூரு வாருங்கள். நாள் முழுக்க ஓட்டிய களைப்போடு இரவில் 300 கிலோமீட்டர் வேண்டாம். ஒவ்வொரு சுற்றின் நேரத்தையும் குறித்து வையுங்கள்.