தேரூர் குளமும் டெல்லியும் – கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா,

தேரூர் குளக்கரையில் வளர்ந்தவன் நான். எங்கள் குளம் இப்போது ராம்சார் பட்டியலில், அதாவது பன்னாட்டு முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் பட்டியலில் இருக்கிறது. பெருமைதான். ஆனால் பொதுப்பணித்துறையும் ஊர்க்காரர்களும் பார்த்துவந்த குளத்துக்கு டெல்லியில் உட்கார்ந்து விதி எழுதுவது எதற்கு? நீரும் நிலமும் மாநிலப் பட்டியலில் இருப்பவை அல்லவா? ஈரநிலங்களை முழுக்க மாநிலத்திடமே விட்டுவிட வேண்டும் என்பது என் எண்ணம்.

ஒரு தேரூர்க்காரன்

அன்புள்ள நண்பருக்கு,

கவிமணியின் ஊரிலிருந்து எழுதியிருக்கிறீர்கள், சந்தோஷம்.

நீர் மாநிலப் பட்டியலில் 17ஆவது, நிலம் 18ஆவது. சரிதான். ஆனால் பன்னாட்டு உடன்பாடுகளை நிறைவேற்ற, மாநிலப் பட்டியலில் உள்ளவற்றிலும் நாடாளுமன்றம் சட்டம் இயற்றலாம் என்கிறது அரசமைப்பின் 253ஆவது பிரிவு. 1972 ஸ்டாக்ஹோம் மாநாட்டைக் காரணம் காட்டி 1986இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் வந்தது அந்த வாசல் வழியாகத்தான். ஈரநில விதிகள் அதற்குக் கீழே வருபவை.

அப்புறம், நீங்கள் கேட்பதில் பாதி ஏற்கெனவே கிடைத்துவிட்டது. 2010 விதிகளில் மத்திய ஆணையம் இருந்தது. 2017இல் அதை எடுத்துவிட்டு மாநில ஆணையங்களிடம் பொறுப்பைக் கொடுத்தார்கள். கணக்கெடுப்பதும் அறிவிக்கை செய்வதும் பெரும்பாலும் மாநிலத்தின் வேலைதான்.

எனக்கு உறுத்துவது வேறு. அந்த 2017 விதிகளின்படி நெல்வயல் ஈரநிலம் அல்ல. பாசனத்துக்கென்றே கட்டியவையும் அல்ல. நம் குமரி மாவட்டத்தில் இந்த இரண்டையும் கழித்தால் என்ன மிஞ்சும்? மணக்குடிக் காயலைக்கூடக் கடற்கரை ஒழுங்குமுறை விதிகள் எடுத்துக்கொள்ளும். சுசீந்திரம் தேரூரின் 94 ஹெக்டேரும் வேம்பனூரின் 20 ஹெக்டேரும் 2022இல் ராம்சார் பட்டியலில் ஏறியதால் விதிக்குள் வந்தன. மற்ற குளத்துக்காரர்கள் என்ன பாவம் செய்தார்கள்? ஆக்கிரமிப்பை அகற்ற 2007இல் தமிழ்நாடு போட்ட சட்டம் ஒன்று உண்டு. அது பொதுப்பணித்துறைக் குளங்களோடு நின்றுவிடுகிறது, வயலுக்கு இறங்குவதில்லை.

என் சின்ன வயதில் வீட்டுக்குப் பின்னால் கண்ணுக்கெட்டிய மட்டும் ஏலா, நெல்வயல் வெளி. முதலில் வாழை வைத்தார்கள். பிறகு தென்னை. பிறகு ஒருநாள் விடியற்காலையில் டிப்பரில் செம்மண் வந்து இறங்கியது. மழைக்காலத்தில் அந்த ஏலா குடித்த தண்ணீர் இப்போது தெருவில் நிற்கிறது. யாரும் சட்டத்தை மீறியதாக எனக்குத் தெரியவில்லை. அதுதான் சங்கடம்.

எல்லையில் இருக்கும் களியக்காவிளையைத் தாண்டிப் பாருங்கள். கேரளம் 2008இல் நெல்வயலுக்கும் 'தண்ணீர்த்தட'த்துக்கும் தனிச் சட்டம் போட்டது. (ஈரநிலத்துக்கு நல்ல தமிழ்ச் சொல், நாம்தான் மறந்துவிட்டோம்.) பஞ்சாயத்துத் தலைவர், வேளாண் அலுவலர், கிராம அலுவலர், விவசாயிகள் மூன்று பேர் என்று உள்ளூர்க் குழு. வயலை நிரப்ப அனுமதி கேட்பவர் முதலில் அவர்களிடம் போக வேண்டும். 2018இல் திருத்தம் கொண்டுவந்து தளர்த்தினார்கள், அதை நான் மறைக்கவில்லை. ஆனாலும் அந்தச் சட்டத்தை டெல்லி தடுக்கவில்லை. 1956 வரை நாமும் அவர்களும் முதலில் திருவிதாங்கூர் சமஸ்தானம், பிறகு திருவிதாங்கூர்-கொச்சி மாநிலம் என்று ஒரே ஆட்சியின் கீழ் நாற்று நட்டவர்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் வயலைக் காக்கத் தனிச் சட்டம் இருக்கிறது, இந்தப் பக்கம் இல்லை.

அதிகாரத்தை டெல்லி பறித்துக்கொண்டது என்கிறீர்கள். கையில் இருக்கும் அதிகாரத்தை நாம் எடுத்துப் பார்க்கவே இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது. உங்கள் கடிதத்தையே கொஞ்சம் மாற்றிச் சென்னைக்கு அனுப்புங்களேன். நகல் ஒன்று எனக்கும்.