மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்து, வயதும் கொஞ்சம் ஏறிவிட்ட ஒருவர் செல்களை ஆராயும் பேராசிரியர் ஆக முடியுமா? அந்த வாழ்க்கை அன்றாடம் எப்படி இருக்கும்?

முடியும். நானும் மெக்கானிக்கல் முடித்துவிட்டு, செல் ஒட்டுதலை ஆராயும் ஒரு பேராசிரியரிடம் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தவன்தான். அவருடைய ஆய்வகத்தில் ஆறு ஆண்டுகள் இருந்தேன். கிட்டத்தில் இருந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

முதல் நாள் அவர் என்னிடம் கேட்டது இது: "ரத்தம் ஓடிக்கொண்டே இருக்கிறது. வெள்ளை அணுவும் அதோடு ஓடுகிறது. காயம்பட்ட இடம் வந்ததும் அது எப்படி நிற்கிறது?"

முப்பது ஆண்டுகளாக அவர் கேட்டுவந்த கேள்வி அதுதான். அழற்சி உள்ள இடத்தில் ரத்தக்குழாயின் உட்சுவரில் செலெக்டின் என்ற புரதம் தலைகாட்டும். அது ஓடுகிற வெள்ளை அணுவைப் பிடிக்கும், உடனே விட்டுவிடும், அடுத்த செலெக்டின் பிடிக்கும். இப்படிப் பிடித்துப் பிடித்து விடுவதால் செல் சுவரை ஒட்டி உருளத் தொடங்கி வேகம் குறைகிறது. அதன் பிறகு இன்டெக்ரின் என்ற இன்னொரு புரதம் இறுகப் பற்றி அதை நிறுத்துகிறது. உருட்டுவது ஒன்று, நிறுத்துவது வேறொன்று என்பதை லாரன்ஸ், ஸ்பிரிங்கர் என்ற ஆய்வாளர்கள் 1991-ல் செயற்கைப் படலத்தின் மேல் செல்களை ஓடவிட்டுத் தெளிவாகக் காட்டினார்கள்.

இது வெறும் ஏட்டு விஷயம் இல்லை. அந்த இன்டெக்ரினில் ஒரு பகுதி பிறவியிலேயே குறைபட்ட குழந்தைகள் உண்டு. அவர்கள் ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் ஏராளமாக இருக்கும், ஆனால் குழாயை விட்டு வெளியேற முடியாது. தொப்புள்கொடி விழவே வாரக்கணக்கில் தாமதமாகும். புண் வந்தால் சீழ் பிடிக்காது, தொற்று மட்டும் மேலும் மேலும் பரவும். ஒட்டத் தெரியாத செல் இருந்தும் பயனில்லை என்பதை அவர் எங்களுக்கு இதைக் காட்டித்தான் புரியவைத்தார்.

மெக்கானிக்கல்காரர்களுக்கு இங்கே என்ன வேலை என்று கேட்டால், பிடிப்பு என்பதே விசைக் கணக்கு. 1978-ல் ஜார்ஜ் பெல் என்ற இயற்பியலாளர் ஒரு சமன்பாட்டை முன்வைத்தார். ஒரு பிணைப்பை இழுத்தால், விசை கூடக்கூட அது அறுபடும் வேகம் அடுக்குக்குறி முறையில் ஏறும் என்றது அது. யாருக்கும் நியாயமாகப் படுகிற கருத்து. ஆனால் இரண்டாம் ஆண்டில் என் கண்முன்னால் நடந்தது வேறு. கண்ணாடித் தகட்டின் மேல் செலெக்டினில் ஒரு வகையான எல்-செலெக்டினைப் பூசி, மெல்லிய இடைவெளியில் செல்களை ஓடவிட்டுக்கொண்டிருந்தேன். அழகாக உருண்டன. பம்பின் வேகத்தைக் குறைத்தேன். இழுக்கும் விசை குறைந்தால் இன்னும் நன்றாக ஒட்ட வேண்டும் அல்லவா? மாறாக, கைவிட்டுப் போய்விட்டன. மறுபடி வேகத்தைக் கூட்டினால் மறுபடி பிடித்துக்கொண்டன. பம்ப் கெட்டுவிட்டது என்று அவரை அழைத்தேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து அரை மணி நேரம் ஒன்றும் பேசாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். இதை அவர் நூறு முறையாவது பார்த்திருப்பார்.

சுருக்குக் கயிறு மாதிரி, இழுக்க இழுக்க இறுகும் பிணைப்புகள் உண்டு. அப்படி இருக்கலாம் என்று டெம்போ என்ற ஆய்வாளரும் மற்றவர்களும் 1988-லேயே கணக்கில் எழுதியிருந்தார்கள். 2003-ல் செங் ஜூ, மெக்எவர் ஆகியோரின் குழு இன்னொரு வகையான பி-செலெக்டினில் அளந்தே காட்டியது. விசை கூடும்போது பிணைப்பின் ஆயுள் முதலில் நீள்கிறது, ஒரு எல்லைக்குப் பிறகே குறைகிறது. அளந்த விசைகள் பிக்கோநியூட்டன் கணக்கில், அதாவது ஒரு நியூட்டனை லட்சம் கோடியாகப் பங்கிட்டால் வருவதில் சில பத்துப் பங்குகள். ஓட்டம் நின்ற இடத்தில் வெள்ளை அணுக்கள் தேவையில்லாமல் ஒட்டிக் குவியாமல் இருப்பதற்கு இது உதவலாம் என்பது பலருடைய கருத்து. எனக்கும் அது சரியாகவே படுகிறது.

அன்றாடம் எப்படி இருக்கும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். நாங்கள் பயன்படுத்தும் நியூட்ரோஃபில்கள் என்ற வெள்ளை அணுக்கள் உடலுக்கு வெளியே நெடுநேரம் தாங்காது. காலையில் ரத்தம் எடுத்தால் அன்றைக்கே முடித்தாக வேண்டும். கொஞ்சம் முரட்டுத்தனமாகச் சுழற்றினாலும் அவை விழித்துக்கொண்டு கண்டதிலெல்லாம் ஒட்டும், அன்றைய உழைப்பு வீண். ஒரே ஒரு காற்றுக்குமிழி ஓடைக்குள் நுழைந்தால் ஒட்டியிருந்த செல்களை எல்லாம் வழித்துக்கொண்டு போகும். பேராசிரியருக்கோ இந்தச் சுகம்கூடக் குறைவு. நிதி விண்ணப்பம், வகுப்பு, மாணவர்களின் கட்டுரையைத் திருத்துவது என்று பெரும்பாலான நாட்கள் போய்விடும். ஆய்வகத்தில் சொந்தக் கையால் சோதனை செய்யும் காலம் வேலை நிரந்தரமாகும் முன்பே ஏறக்குறைய முடிந்துவிடுகிறது. இதைத் தெரிந்துகொண்டு வாருங்கள்.

வயதாகிவிட்டது என்ற தயக்கம் உங்கள் கேள்வியில் தெரிந்தது. உயிரியக்கவியல் என்ற இந்தத் துறையின் தந்தை என்று பலரும் அழைக்கும் யுவான்-செங் ஃபங் விமான இறக்கைகளின் அதிர்வை ஆராய்ந்தவர். அம்மாவுக்குக் கண்ணில் அழுத்தநோய் வந்தபோது அதைப் பற்றிய மருத்துவக் கட்டுரைகளைப் படிக்கத் தொடங்கி, உடலியலுக்குள் இழுக்கப்பட்டார். 1966-ல், நாற்பது வயதைத் தாண்டிய பிறகு, சான் டியாகோவில் இருந்த கலிபோர்னியா பல்கலைக்கழகத்துக்குப் போய் உயிரிப்பொறியியலில் இறங்கினார். அவர் ஆராய்ந்த ஒன்றைச் சொல்கிறேன்: தமனியில் ஒரு வளையம் வெட்டி எடுத்து, அந்த வளையத்தை ஒரு பக்கம் நறுக்கினால் அது தானாகவே விரிந்து திறக்கும். ரத்த அழுத்தமே இல்லாதபோதும் சுவருக்குள் தகைவு, அதாவது உள்ளேயே நிற்கும் விசை, தங்கியிருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி. எஞ்சிய தகைவு என்று நீங்கள் வெல்டிங் பாடத்தில் படித்ததுதான்.

அதனால் உங்களிடம் உள்ளதை விட்டுவிட்டு வர வேண்டாம். பாய்ம இயக்கவியலும் புள்ளியியலும் கையில் இருக்கட்டும். உயிர்வேதியியல் ஒரு பருவம் படியுங்கள், செல் வளர்ப்பைக் கையால் பழகுங்கள், படங்களில் செல்களைப் பின்தொடரும் நிரல் ஒன்றைச் சொந்தமாக எழுதிப் பாருங்கள். சேரும் முன் அந்த ஆய்வகத்தின் பழைய மாணவர்கள் இரண்டு பேரிடமாவது பேசுங்கள். ஆய்வுத் தலைப்பைவிட, பம்ப் கெட்டுவிட்டது என்று நீங்கள் கூப்பிட்டால் வந்து உட்காருகிறவரா என்பதை அவர்களிடம் கேளுங்கள்.