வெளிநாட்டில் துணி: மலிவாகவும் வேண்டும், உழைக்கவும் வேண்டும்

கேள்வி: வேலைக்காக வெளிநாடு வந்திருக்கிறேன். மலிவான துணி நாலு சலவைக்குக்கூடத் தாங்குவதில்லை, நல்லதென்றால் விலை கையைக் கடிக்கிறது. என்ன செய்வது?

பதில்: விலையைப் பார்க்கும் முன் உள்பக்க லேபிளைப் பாருங்கள். ஸ்வெட்டரில் அக்ரிலிக் என்ற செயற்கை இழைதான் அதிகம் என்றால் சீக்கிரமே உருண்டை உருண்டையாகத் திரண்டுவிடும், தள்ளுபடி எவ்வளவு இருந்தாலும் வைத்துவிட்டு வாருங்கள். டி-ஷர்ட்டில் ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில்) 180-க்குப் பக்கத்தில் இருந்தால் ஓரளவு கனமான துணி.

குளிர்கால கோட் சீசன் முடியும்போதுதான் விலை இறங்கும். ஆனால் வந்த முதல் வருடமே குளிரில் நடுங்கிக்கொண்டு காத்திருக்க முடியாதே! சரி, அதற்குத்தான் செகண்ட் ஹேண்ட் கடைகள். கூச்சமே வேண்டாம், புதிதாக மட்டமான கோட் வாங்குவதைவிட, பல வருடம் போட்டும் உருக்குலையாத கம்பளிக் கோட் எவ்வளவோ மேல். அக்குள், காலர், ஜிப், பூச்சி அரித்த ஓட்டை, இவற்றை வெளிச்சத்தில் பார்த்து எடுங்கள். உள்ளாடை மட்டும் புதிதாகவே இருக்கட்டும்.

அப்புறம் ஆன்லைன். பெண்கள் உடையில் பிரிட்டனின் சைஸ் 10 ஏறக்குறைய அமெரிக்காவின் 6, ஐரோப்பாவில் பெரும்பாலும் 38. அதனால் சைஸ் எண்ணை நம்பாமல் டேப்பால் அளந்து, சென்டிமீட்டர் அட்டவணையோடு ஒப்பிட்டு வாங்குங்கள். வேறு நாட்டிலிருந்து வரவழைத்தால் சுங்க வரியும் திருப்பி அனுப்பும் செலவும் யார் தலையில் விழும் என்று முன்பே பார்த்துவிடுங்கள், பல சமயம் அது நம் தலையில்தான்.