ஒரே மொழியை ஆளுக்கு ஆள் வேறு மாதிரி பேசுகிறோமே, கணினிக்கு இது புரியுமா?
சொல்லின் பொருளை அகராதி மட்டும் தீர்மானிப்பதில்லை. யார், யாரிடம், எங்கே பேசுகிறார் என்பதும் சேர்ந்தே தீர்மானிக்கிறது. உச்சரிப்பும் அப்படித்தான். 1962-இல் வில்லியம் லபோவ் என்ற அமெரிக்க மொழியியலாளர் நியூயார்க்கின் மூன்று பெரிய கடைகளில் ஊழியர்களை ‘ஃபோர்த் ஃப்ளோர்’ (நான்காவது தளம்) என்று சொல்ல வைத்தார். அந்த ஊரில் பலர் விழுங்கிவிடும் ‘ர்’ ஒலி, விலை கூடிய கடையில் அதிகம் கேட்டது. காதில் விழாததுபோல் மறுபடி கேட்டதும், பலர் இன்னும் திருத்தமாக உச்சரித்தார்கள். எனக்கு இதுதான் பெரிய விஷயம்: ஒரே ஆளின் பேச்சே நொடியில் மாறிவிடுகிறது.

சரி, கணினி? ஆங்கில ‘யூ’ தமிழில் ‘நீ’யா, ‘நீங்கள்’ஆ என்பதற்கு விடை பெரும்பாலும் அந்த வாக்கியத்துக்குள் இருக்காது, பேசுபவர்களின் உறவில் இருக்கும். மொழி மாதிரி (language model), அதாவது ஏராளமான எழுத்தைப் படித்து மொழியைக் கற்கும் கணினி நிரல், பார்ப்பதோ எழுத்தை மட்டும். செய்தி நடையிலேயே பயிற்சி பெற்ற மாதிரி, அதிகம் பார்த்திராத வட்டார வழக்கிலும் தடுமாறும். பேசுபவர், கேட்பவர் பற்றிய குறிப்பையும் உள்ளீட்டில் சேர்த்தால் ‘நீ’யா, ‘நீங்கள்’ஆ என்ற தடுமாற்றம் குறையும்.