குமிழி பிரேக்கிலா, சிரிஞ்சிலா?

கேள்வி: என் சைக்கிளில் ஷிமானோ ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக். அதன் ஆயிலில் சிக்கிய காற்றைச் சிரிஞ்சால் இழுத்து ஏர் எடுத்து முடித்ததும், அதற்கான கிட்டை (சிரிஞ்ச், டியூப், புனல்) துணியால் துடைத்துப் பையில் போட்டுவிடுவேன். இந்த முறை எவ்வளவு இழுத்தாலும் குமிழி நிற்கவில்லை. கோளாறு பிரேக்கிலா, கிட்டிலா?
– வாசகர், மார்த்தாண்டம்

பதில்: முதலில் சிரிஞ்சைச் சந்தேகப்படுங்கள். காலி சிரிஞ்சின் தண்டை 5 மி.லி. கோட்டில் வைத்து, வாயை விரலால் இறுக்கி அடைத்து, 15 வரை இழுத்து விடுங்கள். தண்டு ஏறக்குறைய 5-க்கே திரும்பினால் சிரிஞ்ச் நல்லது. 8, 9-இல் நின்றுவிட்டால் தண்டின் நுனியிலுள்ள ரப்பர் வளையமான ஓ-ரிங் வழியாகக் காற்று புகுகிறது. அந்தக் காற்றைத்தான் பிரேக்கில் இருக்கிறது என்று நினைத்து இழுத்துக்கொண்டே இருந்திருப்பீர்கள். சிரிஞ்ச் சரியாக இருந்தால், பிரேக்கில் டியூப் மாட்டும் முனையான நிப்பிளில் டியூப் தளர்வாக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அதன் நுனி விரிந்திருந்தால் அரை அங்குலம் வெட்டிவிட்டு மாட்டினால் போதும்.

துணியால் துடைப்பது வெளிப்புறத்துக்கு மட்டும்தான் உதவும். ஷிமானோ பிரேக்கில் ஊற்றும் மினரல் ஆயில் வெறும் தண்ணீரில் போகாது. தண்டைக் கழற்றி, வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு விட்டு, சிரிஞ்ச், புனல், புனலின் அடைப்பான் எல்லாவற்றையும் கழுவுங்கள். டியூபுக்குள் அதே தண்ணீரைச் சிரிஞ்சால் நாலைந்து தடவை தள்ளுங்கள்; ஷிமானோ ஆயிலின் சிவப்பு துளிகூடத் தெரியக் கூடாது. பிறகு நல்ல தண்ணீர், கடைசியாக 5 மி.லி. ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால். மெடிக்கலில் கிடைக்கும் 70 சதவீதத்தில் மீதி தண்ணீர்தான். எலக்ட்ரானிக்ஸ் கடையில் 99 சதவீதம் கேட்டு வாங்குங்கள். பெட்ரோல், தின்னர் வேண்டாம். ரப்பர் ஊதும், பிளாஸ்டிக்கில் விரிசல் விழும்.

காய வைப்பதில்தான் நம் மாவட்டத்தில் பலர் ஏமாறுகிறார்கள். ஆனி, ஆடிச் சாரலிலும் ஐப்பசி மழையிலும் டியூபுக்குள் ஈரம் நாள்கணக்கில் நிற்கும். வாயால் ஊதினால் மூச்சின் ஈரமும் சேரும். டியூபைச் செங்குத்தாகத் தொங்கவிட்டு இரவு முழுதும் ஃபேன் காற்றில் விடுங்கள். ஓ-ரிங்கில் பிரேக்கில் ஊற்றும் அதே ஆயில் ஒரு சொட்டு தடவுங்கள். எதற்கெடுத்தாலும் தேங்காய் எண்ணெய் என்பது இங்கே செல்லாது, பிசுக்குப் பிடிக்கும். தண்டைச் சிரிஞ்சுக்குள் செருகாமல் தனியே, இறுக்க மூடும் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். செருகியே வைத்தால் ஓ-ரிங் நசுங்கிய வடிவிலேயே நின்றுவிடும்.

கேள்வி: கடைக்கு டாட் (DOT) என்ற இன்னொரு வகை ஆயில் ஊற்றும் பிரேக்கும் மினரல் ஆயில் பிரேக்கும் வருகின்றன. ஒரே கிட்டை நன்றாகக் கழுவி இரண்டுக்கும் வைத்துக்கொள்ளலாமா?
– வாசகர், தக்கலை

பதில்: கூடாது. டாட் பிரேக்கில் ஆயில் கசியாமல் தடுக்கும் ரப்பர் சீல் மினரல் ஆயில் பட்டால் ஊதும். மினரல் பிரேக்கின் சீலை டாட் கெடுக்கும். ஓ-ரிங் இடுக்கில் ஒளிந்த ஒரு சொட்டே வம்பு. இரண்டு கிட், இரண்டு நிற டேப். ‘ஸ்ராம் கம்பெனி பிரேக் என்றால் டாட்’ என்ற பழைய கணக்கும் வேண்டாம், அதன் மேவன், டிபி8 மாடல்கள் மினரல் ஆயிலில் ஓடுகின்றன. பிரேக்கின் ஆயில் மூடியில் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள்.

டாட் 4, 5.1 தண்ணீரில் கரைவதால் அந்தக் கிட்டைக் கழுவுவது சுலபம். ஆனால் ஈரத்தை உறிஞ்சும் ஆயில் அது. புது 5.1-க்குக் கொதிநிலை குறைந்தது 260 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். ஈரம் ஏறியதற்கு 180 இருந்தாலே தரம் என்று ஏற்கிறார்கள். அதனால் சொட்டு ஈரத்தோடு கிட்டை எடுக்காதீர்கள். திறந்து மாதக்கணக்கான பாட்டிலையும் பயன்படுத்தாதீர்கள்.

கேள்வி: மெடிக்கலில் விற்கும் ஊசி சிரிஞ்ச் போதாதா?
– வாசகர், குளச்சல்

பதில்: ஒரு தடவைக்குப் போதும். அதன் கறுப்பு ரப்பர் ஆயிலில் ஊதி அடுத்த தடவை நகராது. ரப்பரே இல்லாத, முழுக்கப் பிளாஸ்டிக் தண்டுள்ள சிரிஞ்சும் கிடைக்கிறது, அதைக் கேளுங்கள். டியூப் கிளிப் இரும்பு என்றால் கடற்காற்றில் துருவேறும். பிளாஸ்டிக் கிளிப் போதும்.