உன்னிச்சைக் குளத்துக்கு அமெரிக்கத் தூண்டில் தேவையா?

களுவாஞ்சிகுடியில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். கேள்வியைச் சுருக்கித் தருகிறேன்: "அண்ணன், பாஸ் மீன் பிடிக்கிற அமெரிக்க வீடியோக்களை ஒரு வருசமாகப் பார்க்கிறேன். அதில் வருகிற மாதிரி ஏழு அடி ஹெவி தடி, பெய்ட்காஸ்டர் ரீல், 50 பவுண்டு பிரெய்ட் நூல் (பின்னல் நூல்), மூன்றையும் ஒரே செட்டாக ஒன்லைனில் எடுக்கலாமா? கையில் 25,000 ரூபாய் இருக்கிறது. சனி ஞாயிறில் மோட்டார் சைக்கிளில் உன்னிச்சைக்கோ நவகிரிக்கோ போவேன், சில பின்னேரங்களில் கல்லடிப் பக்கம் மட்டக்களப்பு வாவியிலும் போடுவேன். ரீலில் 13 பேரிங் இருந்தால் நல்லதா?"

எடுக்காதீர்கள் தம்பி. சாமான் நல்ல சாமான்தான், ஆனால் நீங்கள் போகிற இடத்துக்கும் உங்கள் மோட்டார் சைக்கிளுக்கும் அது தோதுப்படாது.

மீனில் இருந்து தொடங்குவோம். அந்த வீடியோக்களில் துள்ளுவது லார்ஜ்மவுத் பாஸ், வட அமெரிக்க நன்னீர் மீன். 1932இல் ஜோர்ஜியா மாநிலத்தில் ஜோர்ஜ் பெரி என்பவர் பிடித்தது 22 பவுண்டு 4 அவுன்ஸ், சுமார் பத்துக் கிலோ. 2009இல் ஜப்பானின் பிவா ஏரியில் ஒருவர் அந்தச் சாதனையைச் சமன் செய்தார். உன்னிச்சையில் விடிய விடிய எறிந்தாலும் அது வராது, அங்கே அது இல்லை. எங்கள் குளங்களில் இருப்பது விராலும், 1950களின் தொடக்கத்தில் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டுக் குளங்களை நிறைத்துவிட்ட திலாப்பியாவும், இன்னும் சில சில்லறை மீன்களும். வாவிக்கு வந்தால் கொடுவா. இந்தக் கொடுவாவைத்தான் ஆங்கிலத்தில் ஆசிய சீ பாஸ் என்கிறார்கள், அதனால்தான் நிறையப் பேருக்குக் குழப்பம். பெயரில் பாஸ் இருக்கிறதே தவிர இரண்டும் வேறு வேறு குடும்பம்.

ஆனாலும் நீங்கள் பார்த்த வீடியோக்கள் வீண் போகவில்லை. பாஸ் மாதிரியே விராலும் பாசிக்குள் பதுங்கிக் கிடந்து தவளை போனால் பாய்ந்து கவ்வும், கொடுவாவும் கல்லுக்கும் பாலத்தூணுக்கும் பக்கத்தில் ஒளிந்து நின்று அடிக்கும். எறிகிற இடம், இழுக்கிற விதம் எல்லாம் கிட்டத்தட்ட ஒன்றுதான். வித்தியாசம் எங்கே என்றால், அந்த ஆட்கள் படகில் நிற்கிறார்கள், படகுத் தளத்தில் ஆறேழு தடி படுத்திருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு வேலை. நீங்கள் வீடியோவில் பார்த்த அந்த ஹெவி தடி அடர்ந்த பாசிக்குள் இருந்து மீனைப் பிடுங்கி எடுக்க மட்டும் வைத்திருப்பது. உங்களிடம் இருக்கப்போவது ஒரே ஒரு தடி, அதுவும் மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு போவது. அதனால் குளத்து வேலையையும் வாவி வேலையையும் ஓரளவுக்குச் செய்கிற ஒன்றைத்தான் தேட வேண்டும்.

கடையில் எல்லோரும் தடியைத்தான் முதலில் தூக்கி ஆட்டிப் பார்ப்பார்கள். நான் நூலில் இருந்துதான் தொடங்குவேன், மீனுக்கும் உங்களுக்கும் நடுவில் இருப்பது அதுதானே. எங்கள் பெரியப்பா தடியே இல்லாமல் கைத்தூண்டிலில் பிடித்தவர். ஒவ்வொரு முறையும் போடுவதற்கு முன் நூலின் கடைசி இரண்டு பாகத்தை (இரண்டு கைவிரிப்பு நீளம்) பெருவிரல் நகத்துக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் மெதுவாக இழுப்பார், எங்கேயாவது சொரசொரப்புத் தட்டினால் "இதை வெட்டு மனே" என்று என்னிடம் நீட்டுவார். எனக்கு அப்போது நல்ல நூலை வீணாக்குகிறாரே என்று இருக்கும். பிறகு பாலத்தடியில் ஒரு பெரிய கொடுவாவை இழந்தபோதுதான் விளங்கியது. ரீலைப் பின் விறாந்தையில் மாதக்கணக்கில் வெயில் படப் போட்டு வைத்திருந்தேன், நைலோன் தங்கூசி பார்வைக்குப் புதிது மாதிரியே இருந்தது, மீன் ஒரு வெட்டு வெட்டியதும் பொரித்த அப்பளம் மாதிரி உடைந்தது. நைலோனை வெயில் தின்னும். வருசத்துக்கு ஒரு முறையாவது மாற்றுங்கள்.

தங்கூசி மலிவு, முடிச்சு நன்றாகப் பிடிக்கும், கல்லில் உரசினாலும் கொஞ்சம் தாங்கும். ஆனால் இழுபடும். முப்பது மீற்றருக்கு அப்பால் விரால் கவ்வும்போது நீங்கள் தடியை வெட்டி இழுத்தால் அந்த வேகத்தில் பாதி நூல் நீளுவதிலேயே போய்விடும், விராலின் எலும்பு வாயில் கொக்கி ஏறாது. பிரெய்ட் நீளாது, அதே பலத்துக்கு மிக மெல்லியது, பாசியையும் அறுத்துக்கொண்டு வரும். அதற்கு வேறு குணம்: பாலத்தூணில், சிப்பி ஒட்டிய கல்லில் உரசினால் உடனே போய்விடும், வழுக்கும், கையில் சுற்றி இழுத்தால் விரலையே வெட்டும். ஆகவே ரீலில் பிரெய்ட், நுனியில் ஒரு மீற்றர் அல்லது ஒன்றரை மீற்றர் தடித்த லீடர், அதாவது கொக்கிக்கு முன் கட்டுகிற காவல் நூல். கொடுவாவின் செவுள் மூடியின் ஓரம் சவர அலகு மாதிரி, லீடர் இல்லாமல் வாவியில் பிரெய்ட் போட்டால் மீனுக்கு லூரை (செயற்கை இரையை) தானம் செய்கிறீர்கள் என்று அர்த்தம்.

எந்தத் தடிப்பு? பவுண்டை நம்பாதீர்கள். பட்டினத்தில் ஒரு கடையில் 40 பவுண்டு என்று கொட்டை எழுத்தில் அச்சிட்ட மலிவு பிரெய்ட் ஒன்றை வாங்கி, வீட்டில் தராசில் கட்டி இழுத்துப் பார்த்தேன், ஆறு கிலோவுக்கு முன்னமே அறுந்தது. 40 பவுண்டு என்றால் 18 கிலோ தாங்க வேண்டும். பிஇ என்று ஓர் எண் போட்டிருப்பார்கள், அது நூலின் தடிப்பைச் சொல்வது, அதைப் பாருங்கள். உங்களுக்கு பிஇ 2, விட்டம் சுமார் 0.23 மில்லிமீற்றர். நல்ல தயாரிப்பாக இருந்தால் 30 பவுண்டு அளவு தாங்கும். 150 மீற்றர் போதும். வெறும் ஸ்பூலில் (ரீலில் நூல் சுற்றும் உருளையில்) பிரெய்ட்டை நேராகச் சுற்றினால் மொத்தமாக வழுக்கிச் சுழலும், மீன் இழுக்கிற நேரத்தில் ரீல் பழுது என்று நினைத்துக் குழம்புவீர்கள். அடியில் இருபது முப்பது மீற்றர் பழைய தங்கூசி சுற்றி, அதோடு பிரெய்ட்டை முடிந்து, ஸ்பூல் விளிம்புக்கு இரண்டு மில்லிமீற்றர் கீழே நிறுத்துங்கள். விளிம்பு வரை நிரப்பினால் எறியும்போது கொத்தாகக் கழன்று வரும்.

லீடருக்கு ஃபுளோரோகார்பன் என்று விலை கூடிய ஒன்று காட்டுவார்கள். தண்ணீருக்குள் குறைவாகத் தெரியும், உரசலைத் தாங்கும், உண்மைதான். ஆனால் மழைக்குப் பிறகு வாவித் தண்ணீர் தேத்தண்ணி நிறத்தில் கிடக்கும்போது எதைப் போட்டாலும் மீனுக்குத் தெரியப்போவதில்லை, 40 பவுண்டுத் தடித்த தங்கூசியே போதும். குளத்து விராலுக்கு 30. பிரெய்ட்டோடு லீடரைச் சேர்க்க இரட்டை யூனி முடிச்சுப் பழகுங்கள், எச்சில் தொட்டு ஈரமாக்கிய பிறகுதான் இறுக்க வேண்டும், காய்ந்த நூலை இறுக்கினால் அந்தச் சூட்டிலேயே நூல் பலவீனமாகிவிடும். எஃப்ஜி முடிச்சு அதைவிட மெல்லியது, வளையங்களுக்குள் தட்டாமல் போகும், ஆனால் அதை வீட்டில் கட்டிக்கொண்டு போங்கள், பின்னேரக் குளக்கட்டில் நுளம்புக்கு நடுவில் கட்ட வராது.

இனி ரீல். பெய்ட்காஸ்டர் வேண்டாம் என்பதற்குக் காரணம் மேற்கில் இருந்து வீசுகிற கச்சான் காற்று. எங்கள் பக்கக் குளங்களுக்குத் தண்ணீர் பெரும்பாலும் மேற்கில் இருந்து வருகிறது, கட்டு கிழக்கில் நிற்கிறது. வைகாசிக்குப் பிறகு கட்டில் நின்று குளத்தைப் பார்த்தீர்கள் என்றால் கச்சான் காற்று நேரே முகத்தில் அடிக்கும். பெய்ட்காஸ்டரில் நூல் சுற்றிய உருளையே சுழன்று நூலை விடுகிறது. பத்துக் கிராம் தவளை லூரை எதிர்காற்றில் எறிந்தால் லூர் பாதி வழியில் நின்றுவிடும், உருளை நிற்காது. பெருவிரலால் சரியான நேரத்தில் அமர்த்தாவிட்டால் குருவிக்கூடுதான், அதைப் பிரிக்க அரை மணித்தியாலம். பழகினால் துல்லியமாக எறியலாம், நான் மறுக்கவில்லை, ஆனால் ஒரே ஒரு ரீல் வைத்திருக்கிறவருக்கு அது முதல் ரீல் அல்ல. உருளை சுழலாமல் நூல் மட்டும் கழன்று போகிற ஸ்பின்னிங் ரீல், 3000 அளவு எடுங்கள். பல்சக்கர விகிதம் 5.2க்கு 1 என்றாலும் 6.2க்கு 1 என்றாலும் கவலைப்படாதீர்கள், தவளையை மெதுவாக இழுக்க வேண்டியதைக் கை பார்த்துக்கொள்ளும். எறிந்து முடிந்ததும் ரீலில் நூலைப் பிடிக்கிற வளைகம்பியைக் கையால் மூடுங்கள், கைப்பிடியைச் சுற்றி மூட விட்டால் ஒரு சின்ன வளையம் தொய்ந்து உள்ளே போய், நாலாவது எறிதலில் சிக்காக வெளியே வரும். இந்த ஒரு பழக்கத்தால் பிரெய்ட் சிக்கு பெரும்பாலும் போய்விடும்.

ட்ராக் என்பது மீன் பலமாக இழுத்தால் நூலை வழுக்க விடுகிற ரீலின் பிடி. அதைப் பற்றிப் பெட்டியில் 15 கிலோ, 20 கிலோ என்று எழுதியிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். நூல் தாங்குவதில் கால்வாசி அல்லது மூன்றில் ஒன்றுக்குத்தான் ட்ராக்கை வைக்க வேண்டும், உங்கள் நூலுக்கு மூன்று கிலோ அளவு. தராசு இல்லையா? ஒன்றரை லீற்றர் போத்தல் இரண்டில் தண்ணீர் நிரப்பி ஒன்றாகக் கட்டுங்கள், மூன்று கிலோ. ரீலில் இருந்து நூலை நேரே அதில் முடிந்து தூக்கும்போது ட்ராக் மெல்ல வழுக்கினால் சரி. கடையில் பார்க்க வேண்டியது ட்ராக் எவ்வளவு இறுகுகிறது என்பதை அல்ல, இளக்கி இழுக்கும்போது திக்கித் திக்கி வருகிறதா, ஒரே சீராக வருகிறதா என்பதை.

தடியைச் சீக்கிரம் சொல்லி முடிக்கிறேன். ஏழு அடி, இரண்டு துண்டு, மீடியம் பவர் (நடுத்தர விறைப்பு), ஃபாஸ்ட் அக்ஷன் (நுனிப் பக்கம் மட்டும் வளைவது). மீடியம் என்ற சொல் ஒவ்வொரு கொம்பனிக்கும் ஒவ்வொரு மாதிரி, அதனால் பிடிக்கு மேலே எழுதியிருக்கும் லூர் எடையைப் பாருங்கள், 7 முதல் 21 கிராம் அல்லது அதற்குக் கிட்ட இருக்க வேண்டும். அவுன்ஸில் இருந்தால் கால் முதல் முக்கால். இழுத்து நீட்டுகிற டெலஸ்கோப் தடி பைக்குள் அடங்கும் என்று ஆசைப்படாதீர்கள், மூட்டுக்குள் மணல் போனால் ஒன்று நீளாது அல்லது சுருங்காது. இரண்டு துண்டுத் தடியை ஓர் எஸ்லோன் பைப்புக்குள் போட்டு மோட்டார் சைக்கிளில் கட்டினால் கல்லு றோட்டிலும் பயமில்லை. வாங்கும்போது ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் கொஞ்சம் பஞ்சைச் சுற்றி இழுங்கள், பஞ்சு எங்கேயாவது மாட்டினால் அந்த வளையம் உங்கள் பிரெய்ட்டைத் தின்னும். காபன் தடி மின்சாரம் கடத்தும். சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேரம் இடி முழங்கத் தொடங்கினால் தடியைக் கீழே போட்டுவிட்டுக் கட்டை விட்டு இறங்குங்கள், மீன் அடித்துக்கொண்டிருந்தாலும்.

25,000ஐ இப்படிப் பிரிப்பேன்: ரீலுக்கு 11,000, தடிக்கு 7,000, நூலுக்கும் லீடருக்கும் 4,000, மிச்சத்தில் இரண்டு தவளை லூர், சுழலும் தகடு வைத்த ஒரு ஸ்பின்னர் லூர், நல்ல கொக்கி, கொக்கி கழற்ற ஒரு குறடு. இருபது லூர் வாங்கிப் பெட்டியில் அடுக்குவது வேறு நோய். திலாப்பியாவுக்கு இந்தச் செட் கொஞ்சம் முரடு, அதற்கு மண்புழுவும் மிதவையும் 8 பவுண்டுத் தங்கூசியும் ஒரு மூங்கில் தடியுமே போதும், பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போகலாம். மிதக்கும் களைகளான ஆற்றுவாழைக்கும் சல்வீனியாவுக்கும் நடுவில் விரால் மட்டுமே என் வேலை என்று ஒரு வருசம் கழித்து முடிவெடுத்தால், அப்போது அந்த ஹெவி தடியையும் 50 பவுண்டையும் வாங்குங்கள், அதற்குத்தான் அது.

போகிற இடத்தில் குளத்து மீன்பிடிச் சங்கத்தாரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இறங்குங்கள், வலை போட்டிருக்கும் பக்கம் எறியாதீர்கள், கிழிந்தால் அது அவர்களின் அன்றைய சாப்பாடு. அம்பாறைப் பக்கம் ஆசை வந்தால் ஒன்றை நினைவில் வையுங்கள், சேனநாயக்க சமுத்திரம் 1954இல் அமைந்த கல்லோயாத் தேசியப் பூங்காவோடு சேர்ந்தது, நினைத்தபடி தடியோடு போய் நிற்க முடியாது. குளமோ வாவியோ, முதலை இருக்கும் என்று நினைத்துத்தான் நிற்க வேண்டும், சிக்கிய லூரைக் கழற்ற இடுப்பளவு தண்ணீரில் இறங்குவது லூர் விலைக்குப் பெறுமதி இல்லை. உன்னிச்சையிலும் நவகிரியிலும் யானை இறங்குகிற நேரத்துக்கு முன் வீட்டுப் பக்கம் திரும்புங்கள். சிவப்புக் குஞ்சுக் கூட்டத்துக்குக் கீழே விரால் நின்றால் அங்கே எறியாதீர்கள், அது காவல் நிற்கிறது, எதைக் கண்டாலும் பாயும், அதைப் பிடித்தால் அந்தக் குஞ்சுகள் எல்லாம் மற்ற மீனுக்கு இரை. பெரிய கொடுவா மாட்டினாலும் யோசியுங்கள்: கொடுவா ஆணாக வளர்ந்து பிறகுதான் பெண்ணாக மாறுகிறது, ஆகப் பெரியது அநேகமாக முட்டையிடுகிற தாய்.

பேரிங்கை மறந்துவிட்டேன். நல்ல பேரிங் நாலைந்து இருந்தால் போதும். மலிவு ரீலில் 13 என்றால் வாவியின் உப்புத் தண்ணீரில் துருப்பிடிக்க 13 இடம், அவ்வளவுதான் வித்தியாசம். முகத்துவாரம் வெட்டிக் கடல் தண்ணீர் ஏறியிருக்கிற நாட்களில் போய் வந்தால், அன்றிரவே ட்ராக்கை இறுக்கி, குழாயை மெல்லத் திறந்து நல்ல தண்ணீரில் ரீலை நனையுங்கள், வாளிக்குள் முக்காதீர்கள், துடைத்து நிழலில் காய வைத்து, பிறகு ட்ராக்கை முழுவதும் இளக்கி விடுங்கள்.