வாசகர் கேள்வி-பதில்: தந்தையில்லாத வீடுகளுக்கு யார் பொறுப்பு?

கேள்வி: பெரிய வசதி எதுவும் இல்லாமல் அமெரிக்காவுக்கு வந்து, படிப்பாலும் உழைப்பாலும் நிலைபெற்ற குடும்பம் எங்களுடையது. நிறவெறியை நாங்களும் சந்தித்திருக்கிறோம். கறுப்பினக் குழந்தைகளில் பத்துக்கு ஏழு பேர் திருமணமாகாத தாய்மார்களுக்குப் பிறக்கிறார்கள் என்று படிக்கிறேன். இதற்கும் கடந்த கால அநீதியையே காரணம் காட்டினால், தனிமனிதப் பொறுப்புக்கு இடம் எங்கே?
– ஒரு வாசகர், டெக்சஸ்

பதில்: நீங்கள் சொல்லும் விகிதம் சரியானதுதான். அதை மழுப்புவதால் அந்தக் குழந்தைகளுக்கு ஒரு நன்மையும் இல்லை. ஆனால் 1965-ல் அந்த விகிதம் ஏறத்தாழ நான்கில் ஒன்றாகத்தான் இருந்தது. அதுவே ஆபத்தானது என்று அன்றைய தொழிலாளர் துறை உதவிச் செயலாளர் டேனியல் பேட்ரிக் மொய்னிஹன் அரசுக்கு அறிக்கை எழுதினார். அதற்கும் முன்னால், இனப் பிரிவினை தென் மாநிலங்களில் சட்டமாகவே நடப்பில் இருந்த 1960-ல், கறுப்பினக் குழந்தைகளில் மூன்றில் இரண்டு பங்கினர் தாய், தந்தை இருவருடனும் வாழ்ந்தார்கள். அடிமை முறையே எல்லாவற்றுக்கும் காரணம் என்றால் குடும்பம் அப்போதே சிதைந்திருக்க வேண்டாமா என்று பொருளியலாளர் தாமஸ் சோவெல் போன்றோர் கேட்பது நியாயமான கேள்வி; அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. அப்படியானால் 1960-க்குப் பிறகு என்ன நடந்தது என்று பார்க்க வேண்டும்.

முதலாவதாக, பள்ளிப் படிப்பு மட்டுமே உள்ள ஓர் ஆண் குடும்பத்தைக் காப்பாற்றுமளவுக்குக் கூலி தந்த தொழிற்சாலை வேலைகள் டெட்ராய்ட், சிகாகோ போன்ற நகரங்களிலிருந்து மறையத் தொடங்கின. அதே காலத்தில், வேலையிழந்த தந்தை வீட்டில் இருந்தால் பிள்ளைகளுக்கு அரசு உதவித்தொகை இல்லை என்ற நிலை பல மாநிலங்களில் இருந்தது. பிள்ளைகள் சாப்பிட வேண்டுமானால் அவன் வெளியேற வேண்டும். சில மாநிலங்கள் இன்னும் ஒரு படி மேலே போயின. அலபாமாவின் செல்மா நகரில் நான்கு பிள்ளைகளை வளர்த்துவந்த திருமதி ஸ்மித், அதிகாலை 3.30 மணி முதல் நண்பகல் வரை ஓர் உணவகத்தில் சமைத்தும் பரிமாறியும் வாரத்துக்கு 16 முதல் 20 டாலர் வரை ஈட்டினார். வார இறுதிகளில் ஓர் ஆண் அவர் வீட்டுக்கு வந்துபோகிறார் என்பதற்காக 1966-ல் உதவித்தொகை நிறுத்தப்பட்டது. அந்த மனிதர் பிள்ளைகளின் தந்தையுமல்ல. அவருக்கு வேறு குடும்பமும் ஒன்பது பிள்ளைகளும் இருந்தனர். திருமதி ஸ்மித்தின் நடத்தையைப் பற்றி யார் என்ன நினைத்தாலும், தண்டனை விழுந்தது பிள்ளைகளின் தலையில். உச்ச நீதிமன்றம் அந்த விதியை 1968-ல் செல்லாததாக்கியது.

பிறகு வந்தது 1986-ன் போதைப்பொருள் சட்டம். ஏழைக் கறுப்பினப் பகுதிகளில் அதிகம் புழங்கிய கிராக் (புகைக்கும் கட்டி வடிவக் கொக்கெய்ன்) 5 கிராம் வைத்து விற்றவருக்கும், பொடி வடிவக் கொக்கெய்ன் 500 கிராம் வைத்து விற்றவருக்கும் குறைந்தபட்சம் அதே ஐந்தாண்டுச் சிறை. இந்த வேறுபாடு 2010-ல்தான் குறைக்கப்பட்டது. விற்றவர் செய்தது குற்றமே. ஆனால் ஒரே குற்றத்துக்கு ஒரு தெருவில் நீண்ட சிறையும் இன்னொரு தெருவில் இளகிய பார்வையும் என்றால், முதல் தெருவில் தந்தையர் இல்லாமல் போவதை வெறும் ஒழுக்கக் குறைவு என்று சொல்லிவிட முடியாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். 1965-ல் வெள்ளையரிடையே திருமணத்துக்கு வெளியிலான பிறப்பு ஏறத்தாழ 3 விழுக்காடு. இன்று அது கால் பங்கைத் தாண்டிவிட்டது. வேலையும் நம்பிக்கையும் போன இடங்களில் திருமணம் தளர்வது எந்த நிறத்துக்கும் உரிய இயல்பல்ல.

உங்கள் குடும்பத்தின் உழைப்பை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும், மொய்னிஹன் அறிக்கை வந்த அதே 1965-ல் நிறைவேறிய குடியேற்றச் சட்டம்தான் இந்தியர்களுக்குக் கதவைத் திறந்தது. கறுப்பினத்தவரின் சம உரிமைப் போராட்டம் உருவாக்கிய சூழலில் பிறந்த சட்டம் அது. இந்தியர்களில் பட்டமும் தொழில்திறனும் உள்ளவர்களைச் சலித்தெடுத்தே அது தொடக்கத்தில் பெரும்பாலும் உள்ளே விட்டது. ஜார்ஜியாவில் அடிமையின் கொள்ளுப்பேரனாகப் பிறந்தவரை யாரும் அப்படித் தேர்ந்தெடுக்கவில்லை. வெள்ளையர் வீடு வாங்க அரசு உத்தரவாதத்துடன் கடன் கிடைத்த பல பத்தாண்டுகளில், அவர் வாழ்ந்த பகுதி, கடன் தரத் தகாதது என்று வரைபடத்தில் சிவப்பு வண்ணம் பூசி ஒதுக்கப்பட்டிருந்தது. 2022-ல் அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வின் கணக்கெடுப்புப்படி, வெள்ளையர் குடும்பத்தின் இடைநிலைச் சொத்து மதிப்பு 2,85,000 டாலர். கறுப்பினக் குடும்பத்தினது 44,900 டாலர். தனிமனிதப் பொறுப்புக்கு இடம் உண்டு, ஐயா. அதைத் தராசின் ஒரு தட்டில் மட்டும் வைப்பதைத்தான் நான் ஏற்கவில்லை.

கேள்வி: கறுப்பினத் தலைவர்களே இதைப் பற்றிப் பேசத் தயங்குகிறார்களே, ஏன்?
– ஒரு வாசகி, சென்னை

பதில்: தயங்குகிறார்கள் என்பது சரியல்ல. 2008 ஜூன் 15, தந்தையர் தினத்தன்று, சிகாகோவில் ஒரு கறுப்பினத் தேவாலயத்தில் நின்று, பல தந்தையர் பொறுப்பைக் கைவிட்டுவிட்டார்கள் என்று ஒபாமா வெளிப்படையாகப் பேசினார். தந்தை விட்டுச்சென்ற பிள்ளை அவர். 1995 அக்டோபரில் வாஷிங்டனில் கறுப்பின ஆண்கள் பெருந்திரளாகக் கூடியதும் இதே பொறுப்பை ஏற்றுக்கொள்ளத்தான். தேவாலயங்களில் இது ஓயாமல் பேசப்படும் பொருள். அதே வேளையில், 2013-ல் வெளியான அரசு சுகாதார ஆய்வொன்றில், சிறு குழந்தைகளுடன் ஒரே வீட்டில் வாழும் கறுப்பினத் தந்தையரில் 70 விழுக்காட்டினர் நாள்தோறும் குழந்தையைக் குளிப்பாட்டுவது, உடை மாற்றுவது போன்ற வேலைகளைச் செய்ததாகத் தெரிந்தது; வெள்ளையரில் அது 60 விழுக்காடு. நம் செய்திகளில் இந்தத் தந்தையரைக் காண முடிவதில்லை என்பது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது.

கேள்வி: நியூ ஜெர்சியில் சிறு நிறுவனம் நடத்துகிறேன். இதில் என்னைப் போன்றவர் செய்யக்கூடியது ஏதேனும் உண்டா?
– ஒரு வாசகர்

பதில்: நிறைய உண்டு. ஒரு குடும்பம் நிலைக்க முதல் தேவை வேலை. அதைக் கொடுக்கும் இடத்தில் நீங்கள் இருக்கிறீர்கள். சமூகவியலாளர் தேவா பேஜர் மில்வாக்கி நகரில் நடத்தி 2003-ல் வெளியிட்ட சோதனையில், ஒரே தகுதியுள்ள இளைஞர்கள் வேலை கேட்டுச் சென்றனர். சிறை சென்றதாகச் சொன்ன வெள்ளையரில் 17 விழுக்காட்டினருக்கு மறு அழைப்பு வந்தது; எந்தக் குற்றப் பின்னணியும் இல்லாத கறுப்பினத்தவரில் 14 விழுக்காட்டினருக்கே வந்தது. ஒழுங்காக வாழ்ந்தவனுக்குக் குற்றவாளிக்குக் கிடைப்பதைவிடக் குறைவாகக் கிடைத்தால், ஒழுங்காக வாழ் என்ற அறிவுரையை அவன் எப்படி நம்புவான்?

உங்கள் மாநிலத்தில் 2015 முதல், 15 பேரோ அதற்கு மேற்பட்டோரோ பணிபுரியும் நிறுவனங்கள் முதற்கட்டத்திலேயே குற்றப் பின்னணி கேட்கக் கூடாது என்று சட்டம் உள்ளது. நல்ல நோக்கமுள்ள சட்டம். ஆனால் அதற்குப் பின் நியூ ஜெர்சியிலும் நியூயார்க்கிலும் நடந்த ஆய்வில் மனம் நோகச் செய்யும் ஒன்று தெரிந்தது: கேள்வியை நீக்கிய நிறுவனங்களில், மறு அழைப்பு பெறுவதில் முன்பு 7 விழுக்காடாக இருந்த வெள்ளை விண்ணப்பதாரரின் முன்னிலை 43 விழுக்காடாக விரிந்துவிட்டது. கேட்க முடியாததை, கறுப்பினப் பெயரைப் பார்த்தே ஊகித்துக்கொண்டார்கள் என்றுதான் இதற்குப் பொருள் கொள்ள வேண்டியிருக்கிறது.

ஆகவே விண்ணப்பங்களைப் பிரிக்கும்போது பெயரை மறைத்துப் படியுங்கள். நேர்காணலில் எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேளுங்கள். பின்னணிச் சரிபார்ப்பு தேவையென்றால், வேலை தருவதாக முடிவு செய்த பிறகு, எல்லோருக்கும் செய்யுங்கள். பழைய குற்றம் தெரியவந்தால் அது எந்த ஆண்டு, இந்த வேலைக்கும் அதற்கும் தொடர்பு உண்டா என்று அவரிடமே கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.